தனி ஆளாக ஆப் செய்கிறீர்களா? தேடல் வழி விளம்பரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல்காரர்கள் வாடிக்கையாளர்களின் அளவுகளைக் குறித்துவைக்க ஒரு சின்ன ஆப் செய்து, தனி ஆளாகச் சில வருடங்களாக நடத்திவருகிறேன். விளம்பரத்துக்கு என்று பெரிய பணம் எதுவும் கிடையாது. வந்தவர்களில் பெரும்பாலோர் எதையோ தேடித்தான் வந்தார்கள். புதிதாக ஆப் செய்யத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தேடல் வழி விளம்பரம் என்றால் என்ன?

தேடுகிறவர் கண்ணில் படுவதற்காக நாம் செய்யும் எல்லாமும்தான். கூகுளில் தேடினால் வரும்படி பக்கங்கள் எழுதுவது ஒன்று. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தேடலில் மேலே வரும்படி பெயரையும் விவரத்தையும் அமைப்பது இன்னொன்று; இதைத்தான் ஏஎஸ்ஓ என்கிறார்கள். மூன்றாவது, தேடல் முடிவுகளுக்கு மேலே காசு கொடுத்து இடம் பிடிப்பது.

உண்மையிலேயே பலன் தருமா?

தரும். ஆனால் எவ்வளவு தரும் என்பதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆப் ஸ்டோர் டவுன்லோடுகளில் சுமார் 65 சதவீதம் தேடலுக்குப் பிறகு நேரடியாக நடப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தேடல் விளம்பர இடத்தை விற்பதற்காக ஆப்பிளே சொல்லும் கணக்கு இது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வாட்ஸ்அப் என்று பெயரைத் தட்டச்சு செய்து இன்ஸ்டால் செய்பவரும் இதில் அடக்கம். அவர் ஏற்கெனவே யாரிடமோ கேள்விப்பட்டு வந்தவர். உங்கள் ஆப்பின் பெயர் யாருக்கும் தெரியாது என்றால், பெயரைத் தேடாமல் தன் தேவையைத் தேடுகிறவர் மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்.

அந்த மிச்சமே ஒருவர் பிழைக்கப் போதும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிங்கோ கார்டு கிரியேட்டர். ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர் பேட்ரிக் மெக்கென்சி 2006இல் வெளியிட்ட சின்ன மென்பொருள் அது. பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் விளையாட பிங்கோ (ஒருவர் சொல்லச் சொல்ல அட்டையில் குறித்துக்கொள்ளும் விளையாட்டு) அட்டைகளை அச்சிட்டுக் கொடுக்கும். வேறொன்றும் செய்யாது. "பிங்கோ மென்பொருள்" என்று எந்த ஆசிரியரும் தேடுவதில்லை. நாளைக்கு வகுப்பில் எடுக்கப் போகும் பாடத்தின் பெயரைப் போட்டு அதற்கு விளையாட்டு இருக்கிறதா என்றுதான் தேடுவார் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரு ஆசிரியரை வைத்தே தலைப்பு வாரியாகச் சொற்பட்டியல்கள் எழுதச் சொன்னார். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம், கூடவே இலவசமாக அச்சிட்டுக்கொள்ளச் சில அட்டைகள். வகுப்பு முழுவதற்கும் வேண்டும் என்றால் மென்பொருளை வாங்கலாம். வரவு செலவு முழுவதையும் அவர் வெளிப்படையாகப் பதிவிட்டதால், என்னைப் போன்ற எத்தனையோ பேர் அதைப் பார்த்துப் படித்தோம்.

ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் பக்கங்கள் போடுவது குப்பை கொட்டுவது ஆகாதா?

ஆகும், ஆகாமலும் போகும். குப்பையா இல்லையா என்பது அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்றுதான். என் ஆப்பை இன்ஸ்டால் செய்யாமலே ஒருவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேடி வந்தது அவருக்குக் கிடைத்ததா? மெக்கென்சியின் பக்கத்தில் ஆசிரியருக்குச் சொற்பட்டியல் கிடைத்தது, அட்டை கிடைத்தது. "மதுரையில் சிறந்த தையல் ஆப்", "சேலத்தில் சிறந்த தையல் ஆப்" என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நான் முப்பது பக்கம் போட்டால், வந்தவருக்கு அங்கே எதுவுமே இல்லை. அவருடைய ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கூகுளும் இதைத்தான் பிடிக்கப் பார்க்கிறது. அதன் தேடல் முறையில் 2011இல் வந்த பாண்டா என்ற மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012இல் வந்த பெங்குவின் என்ற மாற்றம் ரேங்க்கை ஏற்றுவதற்காகச் செயற்கையாக உண்டாக்கிய லிங்க்குகளைக் குறிவைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் தெளிவாக, தேடல் ரேங்க்குக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களைத் தனி விதிமீறலாக அறிவித்தார்கள். மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் அந்த விதி ஒன்றுதான்.

அப்படியென்றால் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பக்கங்கள் எழுதக் கூடாதா?

எழுத்துப்பிழை பார்க்கவும் அமைப்பைச் சரிசெய்யவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றி அதை எழுதச் சொல்லிப் போடாதீர்கள். கைக்குழி (உடையில் கை சேரும் இடம்) அளவு எடுப்பதில் ஒரு தப்பு நடந்தால் ஒருவருடைய பட்டுத்துணி வீணாகிப்போகும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பெயர், விவரம், கீவேர்டு இவற்றில் எவ்வளவு எழுதலாம்?

பிளே ஸ்டோரில் ஆப் பெயருக்கு 30 எழுத்து, சுருக்கத்துக்கு 80, முழு விவரத்துக்கு 4000. கீவேர்டுகளை, அதாவது தேடுகிறவர்கள் தட்டச்சு செய்யும் சொற்களை, மறைவாகப் போட்டுவைக்கத் தனிக் களம் கிடையாது. எல்லோரும் படிக்கும் விவரத்தைத்தான் கூகுளும் படிக்கிறது. ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30, துணைத்தலைப்புக்கு 30, அப்புறம் வெளியே தெரியாத கீவேர்டு களம் ஒன்று, அதற்கு 100. நாம் எழுதுவதில் ஆப்பிளின் தேடல் முக்கியமாகப் பெயர், கீவேர்டு, முதன்மை வகை ஆகியவற்றைத்தான் பார்க்கிறது.

இந்த எல்லைகள் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு காலத்தில் ஆப் ஸ்டோரில் பெயருக்கே 255 எழுத்து வரை இடம் இருந்தது. பெயருக்குப் பின்னால் கோடு போட்டு இருபது கீவேர்டுகளைத் திணித்தார்கள். 2016இல் ஆப்பிள் அதை 50 ஆக்கியது, 2017இல் 30 ஆக்கியது. கூகுளும் 2021இல் 50இலிருந்து 30க்கு இறக்கியதோடு, தலைப்பில் "நம்பர் 1", "சிறந்த", "இலவசம்" என்றெல்லாம் போடக் கூடாது என்றது. சிலர் செய்த திணிப்புக்காக எல்லோருடைய இடமும் சுருங்கிப்போனது. இன்றைக்கு யாராவது புதிய ஓட்டை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு நம் எல்லோருக்கும் இன்னொரு கதவு மூடப்படும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் தேடும் சொல், ஆனால் என் ஆப்போடு கொஞ்சம்தான் சம்பந்தம். போடலாமா?

போட்டேன். என்ன ஆனது என்று சொல்கிறேன்.

தையல் துறையில் மிக அதிகமாகத் தேடப்படும் சொற்களில் ஒன்று "பிளவுஸ் டிசைன்". என் ஆப்பில் டிசைன் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் டிசைன் படத்தை அவருடைய அளவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அந்த நூல் அளவு சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, "பிளவுஸ் டிசைன்" என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்தேன். டவுன்லோடு ஏறியது. முதல் இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ஒற்றை ஸ்டார்கள் வர ஆரம்பித்தன. "டிசைன் எங்கே?", "ஏமாத்து ஆப்", "நெட் வேஸ்ட்". கழுத்து டிசைன் பார்க்க வந்த ஒரு பெண், எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பொறுமையாக நான்கு வரி எழுதியிருந்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை.

இதில் நியாயம் போனபோது லாபமும் சேர்ந்தே போனது. வந்தவர்கள் அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்தார்கள். சராசரி ரேட்டிங் இறங்கியது. இன்ஸ்டால் செய்தவர்கள் தங்குகிறார்களா என்பதையும் ஸ்டோர் பார்க்கிறது என்பதால், எனக்கு உண்மையாகவே வேண்டிய "அளவு நோட்டு", "டெய்லர் நோட்டு" தேடல்களிலும் பின்னால் போனேன். சொல்லை எடுத்துவிட்டேன். ரேட்டிங் பழையபடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

தமிழில் கீவேர்டு போட்டால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் ஆங்கிலப் பட்டியலை எடுத்து மொழிபெயர்த்துப் போடாதீர்கள். நம் ஊரில் பல கடைகளில் ஜாக்கெட் என்றால் புடவைக்குப் போடும் பிளவுஸ். ஆங்கிலப் பட்டியலில் இருக்கும் ஜாக்கெட் கோட்டைப் போன்றது. இயந்திர மொழிபெயர்ப்பில் போனால் இரண்டும் குழம்பும். அகராதியில் இருக்கும் "மேற்சட்டை" என்பதை யாரும் தேடப் போவதில்லை.

இன்னொன்று, தமிழர்கள் எல்லோரும் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்வதில்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதித் தேடுகிறார்கள். மைக்கில் பேசித் தேடுபவர்களும் உண்டு. அவர்கள் பேச்சு மொழியிலேயே முழு வாக்கியமாகக் கேட்பார்கள். பிளே ஸ்டோரில் தமிழுக்கென்றே தனி விவரப் பக்கம் வைக்கலாம். அதை நல்ல தமிழில் எழுதுங்கள். பிழையான எழுத்துக்கூட்டல்களை எல்லாம் வரிசையாக அடுக்கி விவரத்தின் கடைசியில் ஒட்டாதீர்கள். அது கீவேர்டு திணிப்பு, படிப்பவருக்கும் அருவருப்பு.

போட்டி ஆப்பின் பெயரைக் கீவேர்டாக வைக்கலாமா? அதில் விளம்பரம் போடலாமா?

சட்டம் வேறு, ஸ்டோர் விதி வேறு, மனசாட்சி வேறு. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அடுத்தவர் வணிகப் பெயரைக் கீவேர்டாக வாங்கி விளம்பரம் செய்வது அதனாலேயே குற்றமாகிவிடாது, படிப்பவர் குழம்பும்படி செய்தால்தான் தவறு என்ற திசையில்தான் பெரிய தீர்ப்புகள் போயிருக்கின்றன. விலையுயர்ந்த கைப்பைகள் விற்கும் லூயி வுய்ட்டான் நிறுவனம் கூகுளுக்கு எதிராகப் போன வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் சொன்னதன் சாரம் அது. அதே வருடம் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் இதே கேள்வி வந்தது. பாரத் மேட்ரிமனியை நடத்திய கன்சிம் நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குப் போட்டது. "தமிழ்", "மேட்ரிமனி" போன்ற சொற்கள் பொருளை விவரிக்கும் சொற்கள் என்பது அங்கே முக்கியமான கேள்வியானது. கூகுளுக்கு எதிராக இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் நிறுவனத்தின் வழக்கில், கீவேர்டாக வைப்பதும் வணிகப் பெயரைப் பயன்படுத்துவதுதான் என்றது. ஆனால் குழப்பம் இல்லாவிட்டால் அது மட்டுமே மீறல் ஆகாது என்றும் சொன்னது.

ஸ்டோர் விதி இதைவிடக் கறார். அடுத்த ஆப்பின் பெயரையோ பிராண்டையோ உங்கள் பெயர், கீவேர்டு களங்களில் போடுவதை ஆப்பிள் தடை செய்கிறது. மாட்டினால் ஆப்பையே நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மனசாட்சி விஷயத்தில் என் முடிவு இது. பெரிய நிறுவனத்தின் ஆப்பையும் என் ஆப்பையும் ஒப்பிட்டு, அது எதில் மேல் என்பதையும் மறைக்காமல் ஒரு பக்கம் எழுதுவேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அது உதவி. ஆனால் என்னைப் போலவே தனி ஆளாக ஆப் செய்யும் ஒருவரின் பெயரில் விளம்பரம் போட மாட்டேன். அந்தப் பெயரைத் தேடுபவர் அவர் வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்தவர். அவரைத் தடுத்து நிறுத்த நான் காசு கொடுத்தால், தன் பெயரைத் தேடி வருபவரைத் தக்கவைக்க அவரும் காசு கொடுக்க வேண்டிவரும். கடைசியில் எங்கள் இருவர் பணமும் விளம்பரம் விற்பவருக்குத்தான் போகும்.

அடுத்தவர் புகழ் தற்செயலாக என் மேல் விழுந்தால்?

2022 ஜனவரியில் ஒருவருக்கு அப்படியே நடந்தது. ஜாஷ் வார்டில் என்பவர் செய்த, அப்போது எங்கும் பேசப்பட்ட வேர்டில் என்ற சொல் விளையாட்டு பிரவுசரில் மட்டும்தான் இருந்தது, ஆப் கிடையாது. எல்லோரும் ஆப் ஸ்டோரில் போய் அந்தப் பெயரைத் தேடினார்கள். அதே பெயரில் பல வருடங்களுக்கு முன்பே ஸ்டீவன் க்ரவோட்டா என்பவர் ஒரு விளையாட்டைப் போட்டிருந்தார். யாரும் சீண்டாமல் கிடந்த ஆப்பில் திடீரென்று டவுன்லோடுகள் கொட்டின. அவர் வார்டிலைத் தொடர்புகொண்டு, இதில் வரும் பணத்தை அமெரிக்காவின் ஓக்லாந்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுப்பதாக முடிவு செய்தார். அதே நாட்களில் வேறு சிலர் அச்சு அசலாக நகல் எடுத்து, அதே பெயரில் போட்டுப் பணம் பார்க்க முயன்றார்கள். ஆப்பிள் அவற்றை நீக்கியது.

க்ரவோட்டா எந்தத் தப்பும் செய்யவில்லை, பெயர் அவருடையதுதான். இருந்தாலும் வந்தவர்கள் தன்னைத் தேடி வரவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு அதனால்தான் அவர்மேல் மரியாதை.

ரிவ்யூ வாங்கலாமா? நண்பர்களை எழுதச் சொல்லலாமா?

கூடாது. நண்பர்களும் உறவினர்களும் எழுதுவதும் இதில் சேரும். 2010லேயே அமெரிக்க வணிக ஆணையம் ரெவெர்ப் கம்யூனிகேஷன்ஸ் என்ற விளம்பர நிறுவனம் மீது நடவடிக்கை எடுத்தது. தங்கள் வாடிக்கையாளர்களின் விளையாட்டு ஆப்களுக்கு, சாதாரணப் பயனர்களைப் போல ஊழியர்களே ஐடியூன்ஸ் ஸ்டோரில் ரிவ்யூ எழுதினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024இல் அதே ஆணையம் போலி ரிவ்யூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் தனி விதியையே கொண்டுவந்தது. இந்தியாவில் 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. வெளியிட்டபோது அது கட்டாயமாக இருக்கவில்லை, ஆனால் எது நேர்மை என்பதில் சந்தேகம் வராதபடி எழுதியிருக்கிறார்கள்.

கேட்பதில் தவறில்லை. ஆப்பிளின் உள்ளமைந்த ரிவ்யூப் பெட்டி ஒரு பயனருக்கு 365 நாளில் மூன்று தடவைக்கு மேல் வராது. அந்த எல்லையே போதும். "ஆப் பிடித்திருக்கிறதா?" என்று முதலில் கேட்டு, ஆம் என்றவரை மட்டும் ஸ்டோருக்கும் இல்லை என்றவரை மின்னஞ்சலுக்கும் அனுப்பும் தந்திரம் ஒன்று உண்டு. அப்படி முன்கேள்வி வைக்கக் கூடாது என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அடுத்து வாங்கப் போகிறவர் கண்ணிலிருந்து குறைகளை மறைப்பதுதான் அதன் ஒரே வேலை.

ஏமாற்றுபவர்கள்தானே ஜெயிக்கிறார்கள்?

பல நேரம் ஆமாம். இதில் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆப்பிளின் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் தட்டச்சு செய்ய ஃப்ளிக்டைப் என்ற ஆப்பைச் செய்தவர் கோஸ்டா எலெஃப்தெரியூ. அரைகுறை நகல்கள் போலி ரேட்டிங்கையும் விளம்பரத்தையும் வைத்து, வாரச் சந்தா வாங்கிக் கொழிப்பதை 2021இல் ஆதாரத்தோடு வெளியே கொண்டுவந்தார். ஆப்பிள் மீது வழக்கும் போட்டார். அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. அவர் காட்டியதற்குப் பிறகுதான் பல மோசடி ஆப்கள் பலர் கண்ணில் பட்டன. அப்படி ஒன்றைப் பார்த்தால் ஸ்டோருக்குப் புகார் கொடுங்கள். ஒரு புகாரில் போகாது, திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஆப்பின் பெயரையும் அவ்வப்போது நீங்களே தேடிப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் விஎல்சி, ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருள்களின் பெயரைக் கூகுளில் தேடியவர்களுக்கு, வைரஸ் கலந்த போலித் தளங்களின் விளம்பரம் உண்மைத் தளத்துக்கு மேலே வந்தது.

காசு கொடுத்துத் தேடல் விளம்பரம் போட்டால் கட்டுப்படியாகுமா?

முதலில் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வருடச் சந்தா 499 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்ன டெவலப்பர்களுக்கு இரண்டு ஸ்டோர்களும் பொதுவாக 15 சதவீதம் எடுக்கின்றன. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் கைக்கு 424. இன்ஸ்டால் செய்யும் 40 பேரில் ஒருவர் சந்தா கட்டினால், ஒரு இன்ஸ்டால் உங்களுக்குத் தருவது பத்து ரூபாய் அறுபது காசு. இன்ஸ்டாலுக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தால், இரண்டாம் வருடமும் அவர் தங்குவார் என்று நம்பிக் கொடுக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருக்கவில்லை, அதனால் சில மாதங்களில் நிறுத்திவிட்டேன்.

எதை அளக்க வேண்டும்?

எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதை, இணையப் பக்கங்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலும் ஆப்புக்குத் தரும் பிளே கன்சோலும் மொத்தமாகக் காட்டுகின்றன. எத்தனை பேர் ஒரு மாதம் கழித்தும் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டும் போதும். ஒவ்வொரு ஆளையும் பின்தொடரும் வேறு நிறுவனங்களின் கருவிகளை ஆப்புக்குள் வைக்காதீர்கள். என் ஆப்பில் இருப்பது பெண்களின் உடல் அளவுகள். அதன் பக்கத்தில் வெளியாள் யாரும் நிற்கக் கூடாது.

செலவழிக்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதில் தொடங்குவது?

ஆப்பைப் பயன்படுத்தும் ஐந்து பேருக்கு போன் போடுங்கள். "இந்த ஆப் இல்லையென்றால், இந்த வேலைக்கு என்னவென்று தேடுவீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள்.

நான் கேட்டபோது பெண்கள் உடை தைக்கும் ஒரு அக்கா, "நோட்டு தொலைஞ்சா அளவு ஜாக்கெட்லேருந்து எப்படி எடுக்கிறதுன்னுதான் தம்பி தேடுவேன்" என்றார். அளவு ஜாக்கெட் என்பது சரியாகப் பொருந்தும் பழைய பிளவுஸ். அதைப் பார்த்துத்தான் புதியதைத் தைப்பார்கள். என் கீவேர்டு பட்டியல் எதிலும் அந்தச் சொல் இல்லை. அன்று மாலையே அவர் கடையில் உட்கார்ந்து, ஒரு பழைய ஜாக்கெட்டை மேசையில் விரித்து, தோள், மார்புச் சுற்று, கைக்குழி, உயரம் என்று அவர் டேப் வைத்து எடுத்துக் காட்டியதை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன். அந்தப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஆப்பைப் பற்றி அதில் இருப்பது கடைசி வரி மட்டும்தான்.